சகீலாவின் நெற்றியும் சுறா எண்ணெயும்

மட்டாஞ்சேரி
20-2-1983

அன்புள்ள மச்சான் ஜாபர் சாதிக் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நஜ்முதீன் எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். உங்கள் தங்கை மெஹருன்னிசா மட்டும் மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. பாலக்காட்டில் நீங்களும் பிள்ளைகளும் நலமாக இருக்க துஆ செய்கிறேன்.

நீங்கள் பேசி அனுப்பிய மாப்பிள்ளை வீட்டார் வியாழக்கிழமை வந்து, பதிலே சொல்லாமல் போய்விட்டார்கள். அவர்கள் உங்களிடம் வாய் திறக்குமுன் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் சகீலாவுக்கு நெற்றி நிறையப் பரு. மூன்று இடம் அதைப் பார்த்தே தட்டிப் போனது. நானோ பதினெட்டு வருஷமாக மீன் எண்ணெய்க் கிடங்கில் வேலை பார்க்கிறவன். "தொலிக்கு வைட்டமின் ஏ போல ஒண்ணு இல்ல கேட்டோ இக்கா, சுறா எண்ணெயில அது நிறைய உண்டு" என்றார் எங்கள் கெமிஸ்ட் சேட்டன். குடிக்கவா பூசவா என்று நான் கேட்கவில்லை. தோலுக்கு என்றால் தோலில்தானே பூச வேண்டும்? பழைய தோலை உதிர்த்துப் புதுத் தோலைக் கொண்டுவருவது ஏ. கருத்த தழும்பை மங்கச் செய்வது எலுமிச்சையின் சி. அடைத்த துவாரத்தைத் திறப்பது தயிரின் புளிப்பு. மூன்றையும் கலக்கி இரண்டு மாதம் தினமும் அவளிடம் கொடுத்தேன், நானும் பூசிக்கொண்டேன். பரு போன இடம் தெரியவில்லை மச்சான்!

மாப்பிள்ளையின் அம்மா சகீலாவின் கன்னத்தைத் தடவித் தன் விரலை முத்தமிட்டுக்கொண்டார். அத்தோடு விட்டிருந்தால் அன்றே நிக்காஹ் தேதி குறித்திருப்போம். ஆனால் ஒரு பூனை வந்தது. பிறகு நாலு வந்தது. சாயா வருவதற்குள் பதினொன்று. அதில் ஒன்று மாப்பிள்ளையின் அத்தா மடியில் ஏறி, அங்கிருந்து என் தோளுக்குத் தாவி, என் கன்னத்தை நக்கியது. "இதென்னங்க, வீடா மீன் மார்க்கெட்டா?" என்றார் அவர். நான் விடுவேனா? வைட்டமின் ஏயைப் பற்றி அரை மணி நேரம் விளக்கினேன். "பொண்ணு மூஞ்சிக்கும் இதத்தான் தேச்சீங்களா?" என்று அந்த அம்மா கேட்க, "தினமும்!" என்றேன் பெருமையாக. அவர் தன் விரலை ஒரு தரம் பார்த்தார். சாயா குடிக்காமலே எழுந்துவிட்டார்கள்.

இந்த இடமும் கைவிட்டுப் போனால் என்னால் தாங்க முடியாது. இந்தக் கடிதம் கண்டதும் அவர்கள் வீட்டுக்குப் போய், ஏ, சி, தயிர் மூன்றின் மகிமையையும் நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள். விஷயம் புரிந்தால் சம்மதித்துவிடுவார்கள், எனக்குச் சந்தேகமே இல்லை. அல்லாஹ் உங்கள் நாவில் நல்ல வார்த்தையை வைப்பானாக. மாமிக்கு சலாம், பிள்ளைகளுக்கு என் துஆ.

இப்படிக்கு,
நஜ்முதீன்

பி.கு: உறையில் போடுமுன் சகீலா இதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டாள். "அத்தா, அத நான் ஒருநாளும் மூஞ்சில தேய்க்கல. பின்கட்டுல பூனைங்களுக்குத்தான் வச்சேன். சும்மா தண்ணில மூஞ்சி கழுவினேன், பரு தானா போச்சு" என்கிறாள். ஆகையால் மச்சான், வைட்டமின் பேச்சே எடுக்க வேண்டாம். பெண்ணுக்கு அத்தாவின் புத்தி கொஞ்சமும் வரவில்லை என்று மட்டும் சொல்லுங்கள். உடனே தேதி குறித்துவிடுவார்கள்.