வெள்ளையடிக்காத கல்யாண வீடு

நல்லது சொல்கிறவனுக்கு நல்லது மட்டும் தெரிந்தால் போதாது, கேட்கிறவரின் குணமும் தெரிய வேண்டும். எனக்கு அது தெரியாததால் என் கல்யாணமே ஐந்து மாதம் தள்ளிப்போனது.

ஐம்பதுகளில் ராயக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் மலேரியாவுக்காக வீடு வீடாகக் கொசு மருந்து அடிக்கும் வேலை எனக்கு. காக்கிச் சட்டை மாட்டியதும் கலெக்டராகிவிட்ட நினைப்பு. (கையில் இருந்தது என்னவோ மருந்து பம்புதான்!)

தை மாதம் மருந்தடிக்கும் குழுவாக என் தாய்மாமன் ஊருக்குப் போனோம். அவர் மகள் ருக்குமணியோடு பங்குனியில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வீடுகளுக்குள் மருந்தடித்துவிட்டு, தெருவையே கூட்டி வைத்து முழங்கினேன்.

"ஆறு மாசம் செவுத்துல சுண்ணாம்பு அடிக்கக் கூடாது, சாணி பூசக் கூடாது. பூசினா மருந்து மறைஞ்சு வீணாப் போயிடும். நானே வந்து சொன்னாலும் கேக்காதீங்க!"

பக்கத்து வீட்டுச் சின்ன மாமாவுக்கு யார் உத்தரவு போட்டாலும் ஆகாது. நான் தெருவைத் தாண்டுவதற்குள் சுவர் முழுக்கச் சாணம் பூசிவிட்டார். என் மாமா நேர் எதிர். ஒன்றைக் கேட்டுக்கொண்டால் கேட்டுக்கொண்டதுதான்.

வெள்ளையடித்துச் செம்மண் பட்டை போடாத வீட்டில் கல்யாணப் பந்தல் போடுவார்களா? மாசியில் ஓடிப்போய்க் கெஞ்சினேன்.

"கல்யாணத்துக்காக ஒரு தடவ அடிச்சிக்கலாம் மாமா."

"நீயே வந்து சொன்னாலும் கேக்கக் கூடாதுன்னு நீதானேப்பா சொன்னே?"

"அது சும்மா பேச்சுக்குச் சொன்னது."

"காய்ச்சல் பேச்சுக்கா வருது? போன வருசம் ருக்குமணிப் புள்ள மூணு கம்பளி போத்தியும் நடுங்குச்சே, நான்தானே பக்கத்துல உக்காந்திருந்தேன்."

வந்த வழியே திரும்பினேன். ஆறு மாதம் முடிந்தபோது ஆடி பிறந்துவிட்டது. ஆவணியில்தான் தாலி கட்டினேன். அதற்குள் சின்ன மாமா வீட்டில் இரண்டு பேர் காய்ச்சலில் படுத்தார்கள். அவர் வீம்பு பிடித்தவர்தான். ஆனால் பணிவாக இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் கேட்டிருப்பார் என்று இன்றைக்கும் மனசு உறுத்துகிறது.

பல வருஷம் கழித்து, விருந்தாளிகளிடம் மாமாவின் பிடிவாதத்தைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். காபி கொண்டுவந்த ருக்குமணி நின்றாள்.

"மருந்து அடிச்சது உள் செவுத்துலதானே? வெளிச் செவுத்துக்கு மட்டும் சுண்ணாம்பு அடிச்சிருந்தா பங்குனியிலயே கல்யாணம் ஆயிருக்குமே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இது எப்பத் தோணுச்சு?"

"நீங்க முழங்குன அன்னைக்கே."

"சொல்லியிருக்கலாமே!"

"எங்க சொல்றது? நீங்க வாய மூடுனாத்தானே?"

இப்போது நான் யாருக்காவது புத்தி சொல்ல ஆரம்பித்தால் என் பேத்திகூட விடுவதில்லை. "தாத்தா, இது உள் செவுத்துக்கா, வெளிச் செவுத்துக்கா?"