காணாமல் போன அறுபது வோல்ட்

காரைக்காலில் கரண்டை முழுதாகப் புரிந்துகொண்ட மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் அதை எல்லோருக்கும் விளக்கிச் சொன்னார். வேறு யாருக்கும் அது புரியாமல் போனதற்கு அதுதான் காரணம்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் எனக்குத் தெரியாது. ஊரே 'திரிபாஷை' என்றுதான் கூப்பிடும். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் மின்சார வேலை பார்த்த ஒரு துரைக்கு ஏணி பிடித்தவர். பிடித்த கையோடு துரையின் வார்த்தைகள் நாலைந்தையும் பிடித்துக்கொண்டார். பெரிய கட்டடங்களுக்கு வரும் மூன்று கம்பிக் கரண்டுக்கு பிரெஞ்சில் 'திரிஃபாஸே' என்று பேர். அதை அவர் எடுத்ததற்கெல்லாம் சொல்லப்போக, கடைத்தெரு 'திரிபாஷை' என்று காதில் வாங்கிக்கொண்டது. மூன்று பாஷை தெரிந்த மனுஷன் என்று மரியாதை வேறு. உண்மையில் அவருக்குத் தமிழே முழுசாக வராது. எதைப் பேசினாலும் பாதியில் கரண்டுக்குள் போய்விடுவார்.

அது கொடி மாறிய சமயம். பிரெஞ்சுக் கொடி இறங்கிவிட்டதால் கரண்டும் மாறப்போகிறது, பழைய பல்பெல்லாம் இந்தியக் கரண்டில் எரியாது என்று ஆளுக்கொரு சேதி சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழப்பத்துக்கு நடுவில்தான் எங்கள் முதலாளி மரைக்காயர், சைகோனில் பாதி ஆயுசைப் போட்டுச் சம்பாதித்ததைக் கொட்டி ஒரு மாடிக் கட்டடம் கட்டி முடித்தார். கீழே எங்கள் ஜவுளிக்கடை, பக்கத்தில் காபி கிளப், மாடியில் போட்டோ ஸ்டூடியோ, கொல்லைப்புறம் கருக்களாச்சேரி மீன்காரர்களை நம்பி ஒரு ஐஸ் மெஷின். நான் ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழிக்கிறவன்.

திரிபாஷை வந்து சுவரோடு மூன்று கம்பி இழுத்தார். பிறகு நாலாவதாக ஒன்றும் இழுத்தார். மரைக்காயர் கண்ணில் அது பட்டுவிட்டது.

"மூணு கம்பின்னுதானே சொன்னே. இது என்னய்யா நாலாவது?"

"மூணு பேரும் அண்ணன் தம்பிங்க மொதலாளி. இது அம்மா."

"யாருக்கு அம்மா?"

"மூணு பேருக்குந்தான். பிரெஞ்சுல 'நோத்ர்'ம்பாங்க. அம்மாவுக்கும் எந்தப் புள்ளைக்கும் நடுவுல இருநூத்தி இருபது வோல்ட்டு. வெளக்கு, காத்தாடி எல்லாம் அதுலதான் ஓடும். ஜவுளிக்கடைக்கு மூத்தவன், காபி கிளப்புக்கு நடுவுளவன், மாடிக்கு இளையவன். ஐஸ் மெஷினுக்கு மட்டும் மூணு பேரும் சேந்து தோள் குடுக்கணும்."

"ரெண்டு அண்ணன் தம்பிக்கு நடுவுல எவ்வளவு?"

"முந்நூத்தி எம்பது."

மரைக்காயர் சைகோனில் மனக்கணக்கிலேயே பிழைத்தவர். அவர் முகம் மாறியது.

"இருநூத்தி இருபதும் இருநூத்தி இருபதும் நானூத்தி நாப்பதுல்ல வரணும்? மீதி அறுபது எங்க?"

"எங்கயும் போவல மொதலாளி. எவ்வளவுதான் மொறச்சுக்கிட்டாலும் ஒரே வயித்துல பொறந்தவனுங்க. முழுசா மொறச்சுக்க முடியாது. அறுபது கொறஞ்சுதான் வரும்."

மரைக்காயர் என்னைப் பார்த்தார். நான் மல்துணியைப் பார்த்தேன். "சைகோன்ல கூட என்னைய இப்படி ஒருத்தன் ஏமாத்துனதில்ல" என்றார். அன்றிலிருந்து திரிபாஷை கடைக்குள் கால் வைத்தால் முதல் கேள்வி, "அந்த அறுபது கெடச்சுச்சா?" என்பதுதான். அவரும் சளைக்காமல் "இருக்கு மொதலாளி, இருக்கு" என்பார்.

ஐஸ் மெஷினை முதல் முதலாக ஓட்டிய அன்று மோட்டார் பின்பக்கமாகச் சுற்றியது. மீன்காரர்கள் வாசலில் கூடையோடு நிற்கிறார்கள். மரைக்காயர் "யா அல்லாஹ்" என்று மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். திரிபாஷை பதறவில்லை. மூன்று கம்பியில் ஏதோ இரண்டைக் கழற்றி, இதை அங்கேயும் அதை இங்கேயும் மாற்றி மாட்டினார். மோட்டார் சமர்த்தாக நேர்பக்கம் சுற்ற ஆரம்பித்தது.

"பந்தியில ரெண்டு பேரு எடம் மாறி உக்காந்துட்டானுங்க, அவ்வளவுதான்" என்றவர், கையைத் துடைத்துக்கொண்டே எனக்கு மட்டும் கேட்கிறாற்போல, "எங்க வீட்டுல இது முடியல தம்பி" என்றார்.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது; மூட்டை மேலிருந்த மரைக்காயர் காதிலும் விழுந்தது. அவரும் மூன்று பேரில் நடுவுளவர். அண்ணன் போலகத்தில் விவசாயம், தம்பி பாண்டிச்சேரியில் ஆபீஸ் வேலை. தம்பி கல்யாணப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுத்தது இவர். அச்சாபீஸ்காரன் அண்ணன் பெயருக்கு மேலே இவர் பெயரைப் போட்டுவிட்டான். அண்ணன் பந்தியிலிருந்து எழுந்து போனவர்தான், திரும்பவில்லை. கல்யாணத்தைக் கெடுத்தார் என்று தம்பிக்கு அண்ணன் மேல் கோபம். இரண்டு பேருக்கும் சேர்த்து இவர் மேல் கோபம். அம்மா இவரோடுதான் இருந்தார். கண்ணை மூடுவதற்குள் மூன்று பேரையும் ஒரு வரிசையில் உட்கார வைத்து ஒரு வேளை சோறு போட வேண்டும், அது ஒன்றுதான் அந்த அம்மாவின் ஆசை.

"ரெண்டு கம்பிய மாத்துனா மோட்டார் திரும்பிருது. எங்கண்ணனத் திருப்ப எதை மாத்தறதுன்னு தெரியல" என்றார் திரிபாஷை. எனக்கு அவர் பேசிப் புரிந்த முதல் வாக்கியம் அது.

பிறகு ஒரு நாள் காலை, வியாபாரம் சூடு பிடித்த நேரம். திடீரென்று கடை விளக்குகள் வெள்ளை வெளேரென்று எரிந்தன. 'ஆகா, இந்தியக் கரண்டு வந்துருச்சு' என்று ஒருவர் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் ஒவ்வொன்றாகப் படார் படாரென்று வெடித்தன. மாடியில் ஸ்டூடியோவின் பெரிய விளக்குகளோ அழுது வடிந்தன. கொல்லையில் ஐஸ் மோட்டார் மட்டும் எதுவும் நடக்காததுபோல ஓடிக்கொண்டிருந்தது. அங்கே வேலையாக இருந்த திரிபாஷை ஏணியைத் தூக்கிக்கொண்டு கடை வழியாகத் தெருவுக்கு ஓடினார்.

"மெயின அணைங்க. அம்மா போயிருச்சு. அம்மா போயிருச்சு."

உப்புக் காற்றில் துருப்பிடித்து, தெருமுனைக் கம்பத்தில் அந்த நாலாவது கம்பி அறுந்திருக்கிறது. அவர் சொன்னது அதை. அது எங்களுக்கு எப்படித் தெரியும்? நான் மெயினை அணைத்தேன். மரைக்காயர், சாவுச் சேதி கேட்டால் சொல்கிற "இன்னா லில்லாஹி"யைச் சொல்லி எழுந்து நின்றுவிட்டார்.

"கடைய சாத்து தம்பி. போலகத்துக்கு சைக்கிள்ல ஆள் அனுப்பு. பாண்டிச்சேரிக்குத் தந்தி குடு. பாவம், புள்ள பைத்தியம் மாதிரி ஓடுது."

அம்மாவை இழந்தவர் ஏணியோடு ஏன் ஓடுகிறார் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. துக்கத்தில் மனுஷன் எதைத்தான் தூக்க மாட்டான் என்று நினைத்துக்கொண்டோம். காபி கிளப்பில் அடுப்பை அணைத்தார்கள். நான் ஒரு ரோஜா மாலை வாங்கிக்கொண்டு, கடைத்தெருவில் பாதிப் பேர் பின்னால் வர, அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் ஓர் அம்மாள் அரிவாள்மணையில் மீன் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"மாலை யாருக்கு தம்பி?"

"உங்களுக்குத்தாம்மா" என்றேன்.

"எனக்கெதுக்கு? இந்த வயசுல கல்யாணமா பண்ணி வைக்கப் போறீங்க?"

இதற்குள் கம்பத்தில் வேலையை முடித்த திரிபாஷை, ஏணியும் தோளுமாகச் சந்துக்குள் நுழைந்தார். தன் வீட்டு வாசலில் கூட்டம், என் கையில் மாலை. ஏணி கீழே விழுந்தது. அப்படியே மண்ணில் உட்கார்ந்து "என்னைப் பெத்தவளே" என்று அழ ஆரம்பித்தார் பாருங்கள், அழாதவர் இல்லை. புரளியைக் கிளப்பியவரே அதை முழுசாக நம்பியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த அம்மாள் மீன் கையோடு எழுந்து வந்து முதுகில் ஒன்று வைத்தார்.

"கூறுகெட்டவனே, நான் இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கேன். யாருக்குடா அழுவுற?"

கூட்டம் சிரித்துச் சிரித்துக் கலைவதற்குள் உச்சிவேளையாகி, போலகத்து மாட்டுவண்டி வந்துவிட்டது. அண்ணன் சந்துமுனையிலேயே தலையில் அடித்துக்கொண்டு இறங்கினார். அம்மாவைப் பார்த்ததும் அழுகை நின்று கோபம் ஏறியது. திரும்பி வண்டியில் ஏறப் போனவரின் மணிக்கட்டை அம்மா பிடித்துக்கொண்டார்.

"எனக்காவத்தானே வந்தே? இருந்து சாப்ட்டுட்டுப் போ."

சாயங்காலம் தம்பி பாண்டிச்சேரி பஸ்ஸில் வந்து சேரும் வரை அந்தக் கையை அம்மா விடவேயில்லை. இடது கையால் பிடித்துக்கொண்டு வலது கையால் குழம்பு கூட்டினார்.

மரைக்காயரும் நானும் மன்னிப்புக் கேட்கப் போனபோது மூன்று பேரும் ஒரு வரிசையில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன், நடுவுளவர், தம்பி. வரிசை சரியாக இருந்தது. மூன்று பேர் கண்ணும் அவரவர் இலையில்தான் இருந்தது. அம்மா பரிமாறிக்கொண்டே மூக்கைத் துடைத்தார். சாப்பாட்டின் பாதியில் அண்ணன் தன் இலையிலிருந்த மீன் சினையை எடுத்து, திரிபாஷையைத் தாண்டிக் கையை நீட்டி, தம்பி இலையில் வைத்தார். "ஒனக்குத்தான் புடிக்குமே" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

மரைக்காயர் என் தோளை அழுத்தினார். "தம்பி, அந்த அறுபது இதுதாம்போல" என்றார். அதன் பிறகு அவர் அந்தக் கணக்கைக் கேட்கவில்லை.

சில வருஷம் கழித்து ஒரு காலை திரிபாஷை கடைக்கு வந்தார். கையில் ஏணி இல்லை.

"மொதலாளி, நோத்ர் போயிருச்சு."

மறுபடி நாலாவது கம்பி அறுந்துவிட்டதோ என்று மரைக்காயர் அண்ணாந்து பார்த்தார். விளக்கெல்லாம் ஒழுங்காக எரிந்துகொண்டிருந்தது. "எங்கய்யா? எல்லாம் எரியுதே."

திரிபாஷை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். 'அம்மா போயிருச்சு' என்று ஒரு தடவை கத்தி ஊரைக் கூட்டியவர். இன்னொரு தடவை சொன்னால் நம்ப மாட்டோம் என்று நினைத்தாரோ, அந்த வார்த்தையே வாயில் வரவில்லையோ, தெரியாது. மரைக்காயர் கல்லாவை விட்டு இறங்கி வந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அண்ணன் தம்பி?" என்று கேட்டார்.

"ராத்திரியே வந்துட்டாங்க. அங்கதான் இருக்காங்க" என்றார் திரிபாஷை.

நான் மெயினை அணைத்துக் கடையைச் சாத்தினேன். அதற்குப் பிறகு எத்தனையோ பேர், படித்த இஞ்சினீயர்கள் உட்பட, படம் போட்டு அந்த முந்நூற்று எண்பதை எனக்கு விளக்கிவிட்டார்கள். ஒன்றும் தலையில் ஏறவில்லை. திரிபாஷை வந்து இன்னொரு தடவை விளக்கினால் உட்கார்ந்து கேட்பேன். புரியாவிட்டால் போகிறது.