வேட்பாளர் என்னைத் தூக்கிவிட்ட கதை

சிலருக்குச் சர்க்கரை வியாதி, சிலருக்கு ரத்தக் கொதிப்பு. எனக்குத் தேர்தல் சீர்திருத்தம். அரியூர் போகும் வழியில், எங்கள் வீட்டின் முன்பகுதியிலேயே பைப் கடை வைத்திருக்கிறேன். பைப் வளைவுக்கு எல்போ வாங்க வருகிறவர் என்னிடமிருந்து தப்ப முடியாது. அதை எடுத்துத் துடைத்துப் பையில் போடுவதற்குள், ஜெயித்தவரைப் பாதியிலேயே திரும்ப அழைக்கும் உரிமை மக்களுக்கு ஏன் வேண்டும் என்று விளக்கி முடித்திருப்பேன். (பலபேர் எல்போவே வேண்டாம் என்று போயிருக்கிறார்கள். அடுத்த கடைக்காரர் மாடி கட்டியதே இதனால்தான் என்பது என் மனைவி செல்வியின் கருத்து.)

எங்கள் தெரு முனையில் ஒரு சாக்கடை. கட்டினார்கள், மூடி போட மறந்துவிட்டார்கள். மழை பெய்தால் சாலை எது, சாக்கடை எது என்று கண்டுபிடிக்க ஒரே வழி விழுவதுதான். எதிர்வீட்டுப் பத்மா அக்கா ஸ்கூட்டரோடு உள்ளே போய், மணிக்கட்டை முறித்துக்கொண்டு வெளியே வந்தார். இந்த அலுவலகத்தில் கேட்டால் அந்த அலுவலகத்தின் வேலை என்றார்கள். அங்கே போனால் இந்த அலுவலகத்தின் வேலை என்றார்கள். வார்டு கவுன்சிலரைப் பிடிக்கலாம் என்றால், உள்ளாட்சித் தேர்தல் என்ற ஒன்றை எங்கள் ஊர் இளவட்டங்கள் கண்ணால் பார்த்ததே கிடையாது. ஆகவே சாக்கடை மூடிக்கும் எம்.எல்.ஏ.விடம்தான் போய் நிற்க வேண்டும். அவரோ கல்யாணம், காதுகுத்து, கருமாதி ஒன்றையும் விடமாட்டார். தொகுதி கையளவுதான் என்பதால் யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை அவருக்குத் தெரியும். மூடி இல்லாதது மட்டும் தெரியாது.

இந்த லட்சணத்தில் சட்டமன்றத் தேர்தல் வந்தது. அவரேதான் மறுபடியும் வேட்பாளர். திறந்த ஜீப்பில் நின்றுகொண்டு கும்பிடுவதைத் தடை செய்தாலே ஜனநாயகத்துக்குப் பாதி நோய் போய்விடும் என்பது என் கொள்கை. வேட்பாளர் இறங்க வேண்டும், பழுதான இடத்தில் நின்று பதில் சொல்ல வேண்டும். தெருக்காரர்களைக் கூட்டி வைத்து இதைச் சொன்னேன். ஜீப்பை எல்லோரும் சேர்ந்து மறிப்பது என்று முடிவாயிற்று.

“வுடாதீங்க அண்ணே, நாங்க பின்னாடி இருக்கோம்” என்றார்கள்.

ஜீப் வருகிற அன்று காலையில் புது வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பினேன். செல்வி மேலும் கீழும் பார்த்தாள்.

“இன்னாத்துக்கு இவ்ளோ வெள்ளையா? எலெக்ஷன்ல நீங்களா நிக்கிறீங்க?”

“கேள்வி கேக்கறவனுக்கும் ஒரு மரியாத வேணும்ல.”

“அவரு வருவாரு, கும்புடுவாரு, பூடுவாரு. நீங்க ஒழுங்கா வூடு வந்து சேருங்க.”

ஜீப் வந்தது. முன்னால் மேளம், பின்னால் பட்டாசு, நடுவில் காலையிலேயே தள்ளாடியபடி ஆடும் தொண்டர் படை. நான் பாய்ந்து போய் ஜீப்புக்கு முன்னால் கையை உயர்த்தினேன்.

“நிறுத்துங்க! எறங்கி வாங்க!”

ஜீப் நின்றது. நான் பெருமையோடு பின்னால் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. என் போராட்டக் குழு முழுவதும் ஜீப்பின் பக்கவாட்டில் சால்வையோடு வரிசை கட்டி நின்றது. பத்மா அக்கா மாவுக்கட்டுப் போட்ட கையால் ஆரத்தித் தட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி, வேட்பாளர் நிஜமாகவே இறங்கிவிட்டார். இறங்காமல் இருந்தால் என்னென்ன பேசுவது என்றுதான் நான் தயார் செய்து வைத்திருந்தேன்.

“இன்னாண்ணே, சௌக்கியமா? பையன் காலேஜ் முடிச்சிட்டானா?” என்று என் தோளில் கை போட்டார்.

நான் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டேன். “அதெல்லாம் இருக்கட்டும். இந்தச் சாக்கடைக்கு மொதல்ல பதில் சொல்லுங்க.”

“எந்தச் சாக்கடைண்ணே?”

“தோ, இதுதான்!” என்று ஆவேசமாகக் கையை நீட்டி ஓர் எட்டுப் பின்னால் வைத்தேன். அதே நேரம் என் காலடியில் யாரோ சரவெடியைக் கொளுத்திப் போட்டார்கள். இன்னோர் எட்டும் தானாகவே போய்விட்டது.

இடுப்பளவு. அதன் மணத்தைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரையை நீங்கள் தொடமாட்டீர்கள்.

வேட்பாளர் ஓடி வந்து குனிந்து கையை நீட்டினார். உண்மையைச் சொல்கிறேன், அந்த ஒரு கணம் என் கொள்கை எல்லாம் கரைந்துவிட்டது. அடடா, நல்ல மனுஷனைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று அவர் கையை இறுகப் பற்றிக்கொண்டேன். அவர் என்னைப் பாதி தூக்கினார். அப்படியே நிறுத்தினார். முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிச் சிரித்துக்கொண்டே கேட்டார்:

“எடுத்தாச்சா?”

“தலைவரே, அவரு கண்ண மூடிட்டாரு” என்றான் செல்போன் வைத்திருந்த தொண்டன்.

“அப்ப இன்னொரு தபா.”

என்னை மறுபடியும் உள்ளே இறக்கினார். (மெதுவாகத்தான் இறக்கினார். பண்பாளர்.)

அடுத்த முறை அவர் தோளில் இருந்த கட்சித் துண்டு தெரியவில்லையாம். அதற்கும் அடுத்த முறை யாரோ ஒருவருடைய தலை மறைத்துவிட்டதாம். அது எங்கள் போராட்டக் குழுவில் ஒருவருடைய தலை. அவரும் செல்போனில் என்னைத்தான் எடுத்துக்கொண்டிருந்தார். கடைசியில் கரையேறி, சொட்டச் சொட்ட நின்று, “மூடி எப்ப போடுவீங்க?” என்று கேட்டேன். ஒலிபெருக்கி என் குரலை விழுங்கியது:

“சாக்கடையில் தத்தளித்த ஏழைத் தொழிலாளியைத் தன் பொற்கரத்தால் தூக்கிவிட்ட எங்கள் அண்ணனுக்கே உங்கள் பொன்னான வாக்கு!”

ஏழைத் தொழிலாளி! சொந்தக் கடை முதலாளி ஐயா நான்!

இரண்டே நாளில் அந்தப் படம் தொகுதிச் சுவரெல்லாம் போஸ்டராக ஒட்டப்பட்டது. வாட்ஸ்அப்பில் தொகுதி தாண்டி பாகூர் வரை போய், அங்கிருக்கும் என் சம்பந்தி கூப்பிட்டுத் துக்கம் விசாரித்தார். அத்தனை தடவை முக்கி எடுத்தும் போஸ்டரில் என் கண் மூடித்தான் இருந்தது.

அவர் ஜெயித்தார். என் தெருவிலேயே அவருக்கு அமோக ஆதரவு. வெற்றி விழாவுக்கு மேடையும் அந்தச் சாக்கடையின் மேல்தான் போட்டார்கள். அந்த மேடைப் பலகைதான் எங்கள் சாக்கடை இன்றுவரை கண்ட ஒரே மூடி. விழா முடிந்த கையோடு பந்தல்காரர் வந்து அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். மூடி போடாதவருக்கு ஓட்டுப் போட்ட மகாஜனங்கள், மறுவாரமே என் கடைக்கு வந்து, “இத யாருண்ணே கேக்கறது?” என்று அங்கலாய்த்தார்கள். எல்போவை மட்டும் கொடுத்து அனுப்பினேன்.

எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் நான் பந்தியில் தரையில் உட்கார்ந்து எழுந்திருக்க முடியாது. உடனே என் மச்சான் கையை நீட்டி, பாதி தூக்கி நிறுத்தி, முகத்தை வேறு பக்கம் திருப்பி, “எடுத்தாச்சா?” என்பான். பந்தியே சிரிக்கும்.

அடுத்த தேர்தலும் வந்தது. எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் கடைக்கு வந்து, மிகுந்த பணிவோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

“அண்ணே, போன தபா அவங்களுக்கு வுழுந்தீங்க. எங்க அண்ணனுக்கும் ஒரு தபா வுழுவணும். நடுநிலமைன்னு நீங்கதான எப்பவும் பேசுவீங்க?”

அந்த ஆளைக் கடையிலிருந்து துரத்த நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் உள்ளேயிருந்து செல்வியின் குரல் வந்தது:

“எத்தினி மணிக்குன்னு கேட்டுக்கங்க. வந்தா குளிக்க வெந்நீர் வெக்கணும்.”