மூன்று மெயிலும் ஒரு காதுகுத்தும்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆம்பூரில் பாலகுமாரின் மடி தேவைப்பட்டது. தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில்தான் பிள்ளையை உட்கார வைக்க வேண்டும். பத்திரிகையில் பேர் போட்டு அடித்தாகிவிட்டது. மடி மட்டும் மாநில எல்லை தாண்டி, கன்னடம் பேசும் பீன்யாவில், பம்பு பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் மாட்டிக்கொண்டிருந்தது.

முன்பெல்லாம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றாலே லீவு கிடைக்கும். மூன்று மாதத்துக்கு முன் ஹெச்.ஆருக்கு ஹரிஷ்குமார் வந்தார். இனிமேல் லீவை மெயிலில்தான் கேட்க வேண்டும், அதுவும் இங்கிலீஷில் என்று சட்டம் போட்டார்.

பாலகுமாருக்கு இங்கிலீஷ் வார்த்தைகள் தெரியும். ஒரு வாக்கியத்தை இன்னொன்றோடு முடிச்சுப் போடும் இடத்தில்தான் தகராறு. 'பிகாஸ்' சின்னப் பிள்ளைகள் எழுதுவது என்று தோன்றியதால், திங்கட்கிழமை கொஞ்சம் கனமாக 'அன்லெஸ்' போட்டார். வெள்ளி, சனி வரமாட்டேன், அன்லெஸ் தங்கை மகளுக்குக் காதுகுத்து.

காதுகுத்து இருந்தால் மட்டும் வேலைக்கு வருவேன் என்று அதற்கு அர்த்தம். இரண்டு மணி நேரம் கழித்து இங்கிலீஷிலேயே பதில் வந்தது: 'காதுகுத்து இருப்பதாக அறிகிறோம். எனவே தவறாமல் வேலைக்கு வரவும்.'

பக்கத்து மிஷின் முனிராஜ் பதிலைப் படித்தார். முப்பது வருடமாக பீன்யாவில் இருப்பவர், எதிலும் சந்தேகமே வராதவர்.

"நேர்ல போய்ப் பேசு. ஹுப்ளிக்காரரு, ஒழுங்கா கன்னடத்துல கேட்டா குடுத்துடுவாரு."

"ஹுப்ளின்னு யாரு சொன்னா?"

"மூஞ்சியப் பாத்தா தெரியல?"

பாலகுமார் போனார். ஹெச்.ஆர். அறைச் சுவரில் ஹரிஷ்குமார் படமே மாட்டியிருந்தது. நவம்பர் ஒன்றாம் தேதி, கன்னட ராஜ்யோத்சவத்துக்குக் கொடியேற்றியபோது, கன்னடக் கொடியின் மஞ்சள் சிவப்பில் துண்டு போட்டு முன்வரிசையில் நின்ற படம். அது ஒரு தைரியத்தைக் கொடுத்தது.

"நமஸ்காரா சார். ஊட்டா ஆய்த்தா?"

சாப்பாடு ஆயிற்றா என்று கேட்கும்போது காலை பத்து மணி.

"ஆய்த்து, ஆய்த்து. நிம்தூ?"

"ஆய்த்து சார்."

பதினோரு வருடத்தில் பாலகுமார் சேர்த்து வைத்திருந்த கன்னடம் அத்தோடு தீர்ந்தது. ஹரிஷ்குமாரும் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. இருவரும் மரியாதையாகச் சிரித்தார்கள். கடைசியில் ஹரிஷ்குமார் கம்ப்யூட்டரைக் காட்டி, "மெயில், மெயில்" என்றார்.

"நீ எழுதுனதுல மங்களகரமா ஒண்ணுமே இல்ல" என்றார் முனிராஜ். "ஆஸ் வெல் ஆஸ் போடு. வெல்னா நல்லதுதானே?"

செவ்வாய்க்கிழமை மெயில் மங்களகரமாகப் போனது. தங்கை மகளுக்கு, ஆஸ் வெல் ஆஸ் எனக்கு, காதுகுத்து.

பதில்: 'காது குத்திக்கொள்ள அரை நாள் போதுமானது. மிஷின் அருகே கடுக்கன் அணியத் தடை உள்ளதை நினைவூட்டுகிறோம்.'

முனிராஜ் பாலகுமாரின் காதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "உனக்குச் சின்ன வயசுல குத்தலையா?"

"குத்தியாச்சுண்ணே."

"அப்போ அதையும் எழுதியிருக்கணும்."

புதன்கிழமை காலை தங்கை வீணா போன் செய்தாள். "அண்ணா, நாளைக்கு சாயந்தரம் வந்துடுவ இல்ல? மாமியார் இப்பவே ஆரம்பிச்சுட்டாங்க. உங்கண்ணன் வரலன்னா என்ன, எங்க தம்பி மடி சும்மாதான இருக்குதுன்றாங்க."

அந்தக் குழந்தை பிறந்தபோது ஆஸ்பத்திரியில் முதலில் கையில் வாங்கியவர் பாலகுமார். கண்டவன் மடியிலா அது உட்காருவது?

இந்தத் தடவை முனிராஜைக் கேட்கவில்லை, மனசைக் கேட்டு எழுதினார். லீவு கொடுத்தால் நன்றியோடு நெடுங்காலம் இங்கேயே உழைப்பேன் என்று சொல்ல வேண்டும். லாங் என்றால் நீளம்தானே. ஐ வில் ஒர்க் ஹியர், ஆஸ் லாங் ஆஸ் யூ கிவ் லீவ்.

லீவு கொடுக்கிற வரைக்கும்தான் வேலை செய்வேன் என்று அது போய்ச் சேர்ந்தது. பதில் முதல் முறையாகப் பத்தே நிமிடத்தில் வந்தது: 'தங்கள் ராஜினாமா எச்சரிக்கை பதிவு செய்யப்பட்டது. நோட்டீஸ் காலம் ஒரு மாதம்.'

"பரவாயில்ல" என்றார் முனிராஜ். "வெள்ளிக்கிழமைக்கு லீவு கேட்டே, மொத்தமா குடுத்துட்டாங்க."

வியாழக்கிழமை காலை பாலகுமார் வாசல் ரிசப்ஷனுக்குப் போய் நின்றார். அங்கே உட்கார்ந்திருக்கும் டீனா லிங்கராஜபுரத்துப் பெண், கான்வென்ட்டில் படித்தவள். ஒரு மடியையும் ஒரு வேலையையும் காப்பாற்ற இனி அவள்தான் கதி.

"டீனாம்மா, இந்த அன்லெஸ், ஆஸ் வெல் ஆஸ், ஆஸ் லாங் ஆஸ், மூணும் எங்கெங்க போடணும்னு சொல்லிக் குடும்மா. சாயந்தரத்துக்குள்ள நாலாவது மெயில் போட்டாகணும். நம்ம பாஷைன்னா அவரு கால்லயாவது விழுந்து கேட்டிருப்பேன். மனுஷன் ஹுப்ளிக்காரரா போயிட்டாரு."

டீனா மேஜை டிராயரைத் திறந்தாள். மூன்று தாள்களை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். மூன்றும் பாலகுமாரின் மெயில்கள். அதே மூன்று இடத்திலும் சிவப்புப் பேனாவில் வட்டம் போட்டிருந்தது.

"இது எப்படிம்மா உன்கிட்ட?"

"நேத்து சாயந்தரம் ஹரிஷ்குமார் சார் கொண்டாந்தாருண்ணா. 'நமக்கு ஊரு வாணியம்பாடி, கன்னடம் வராது, இந்தக் கன்னடக்காரருக்கு என்னதான் வேணும்னு கேட்டு, கொஞ்சம் தமிழ்ல சொல்லும்மா'ன்னாரு."