இல்லாத டிராக்டரைப் பழுது பார்க்க வந்தவர்

பெருமதிப்பிற்கும் அதைவிடப் பெரிய டிராக்டருக்கும் உரிய மாமா அவர்களுக்கு,

வீட்டில் வாலு என்றும் பள்ளிக்கூடத்தில் எழுத முடியாத வேறு சில பெயர்களாலும் அழைக்கப்படும் உங்கள் மருமகள் தலை குனிந்து எழுதிக்கொள்வது. குனிந்தால்தான் எழுத முடிகிறது, மற்றபடி பணிவு ஒன்றும் புதிதாக வந்துவிடவில்லை. இங்கே நான், அம்மா, அப்பா, அப்பாவின் முதுகு ஆகிய நால்வரும் நலம். அங்கே நீங்கள், அத்தை, உங்கள் டிராக்டர் மூவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் செய்தி. டிராக்டர் வாங்கிவிட்டோம். மூச்சை விட்டுக்கொள்ளுங்கள். உங்கள் டிராக்டரின் கம்பெனி இல்லை. இப்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதத்தை அப்பாதான் எழுதுவதாக இருந்தது. 'அன்புள்ள மச்சான்' என்று எழுதினார், அதை அடித்துவிட்டு 'மரியாதைக்குரிய மச்சான்' என்று எழுதினார், அதையும் அடித்துவிட்டுப் பேனாவை மூடி என்னிடம் கொடுத்தார். "நீ எழுது. நீ எழுதினா உங்க மாமா பாதியைப் பொய்னு நெனச்சுக்குவார். அது எல்லாருக்கும் நல்லது" என்றார். ஆகவே எந்தப் பாதி பொய் என்பதை உங்கள் விருப்பத்துக்கே விடுகிறேன்.

முதுகு கதை உங்களுக்கு முழுதாகத் தெரியாது. எங்கள் எலுமிச்சைத் தோட்டத்தில் மரங்களுக்கு நடுவே உழுவதற்கு அப்பா வைத்திருந்தது பவர் டில்லர். இரண்டு சக்கரம், இரண்டு கைப்பிடி, பின்னாலேயே நடக்க வேண்டும், அது குலுங்கும்போது நாமும் குலுங்க வேண்டும். அப்பா இத்தனை வருஷமாகக் குலுங்கியதில் இடுப்புக்கு மேலே ஏதோ ஒன்று நழுவிவிட்டது. டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, கல் உடைக்கிற வேலையா என்று கேட்டார். எலுமிச்சை என்று அப்பா சொன்னதும் டாக்டருக்கே கொஞ்சம் புளித்துவிட்டது. "இனிமே அந்த மெஷின் பின்னாடி நடந்தீங்கன்னா, அப்புறம் நீங்க நடக்கறதுக்கே ஒரு மெஷின் வேணும்" என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பா தலையாட்டிக்கொண்டே வந்தார். வந்த வாரமே ஒரு நாள் காலையில் ஆளைக் காணோம், தோட்டத்துப் பக்கம் டில்லர் சத்தம் மட்டும் கேட்டது, பிறகு அதுவும் நின்றது, நானும் அம்மாவும் ஓடினோம். இரண்டு மரங்களுக்கு நடுவே மல்லாந்து கிடந்தார். என்னங்க ஆச்சு என்று அம்மா பதறியதற்கு, இலைக்கு அடியில் பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொன்னார். எழுந்து பார்க்கலாமே என்றேன் நான். மண் அள்ளுகிற தள்ளுவண்டியில் வைத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை மாமா. எனக்குப் பயமாக இருந்தது அதுதான்.

ஆக மழைக்கு முன்னால் ஒரு சின்ன டிராக்டர் வந்தே தீர வேண்டும், களை முழங்காலுக்கு வந்துவிட்டது, இல்லாவிட்டால் அப்பா மறுபடியும் பூச்சி பார்க்கப் போய்விடுவார், இந்தத் தடவை தள்ளுவண்டி போதாது என்கிற நிலைமை. இழுவை இயந்திரம் வருவதற்கு முன்னால் இழுவை மட்டும் வந்தது. உங்களுக்குத்தான் அப்பாவைத் தெரியுமே, ஒரு செருப்பு வாங்கப் போனாலே கடைக்காரர் நமக்கு உறவாகிவிடுவார். இரண்டு டிராக்டர்களைத் தேர்ந்தெடுத்தார், அதோடு சரி. ஒன்று உங்கள் பெரிய கம்பெனி. கண்ணாடி ஷோரூம், நகைக்கடை விளக்கு, உள்ளே போனதும் குளிர்கிறது, டை கட்டிய அண்ணன் ஒருத்தர் வார்த்தைக்கு ஒரு சார் போடுகிறார், போகும்போது தொப்பியும் சாவி இல்லாத சாவிக்கொத்தும் கொடுத்தார்கள். இன்னொன்று இரும்புக்கடை வீதியின் கடைசியில் இருக்கிற சின்னக் கடை. அந்தக் கம்பெனி பெயரை மூன்று தடவை கேட்டும் எனக்கு வாயில் நிற்கவில்லை. உள்ளே டயர் வாசனை, டிராக்டர் சீட்டில் பூனை தூங்குகிறது, ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டுமென்றால் முதலாளி வந்து பூனையை அடுத்த டிராக்டருக்கு மாற்றுகிறார். இரண்டுக்கும் ஒரே குதிரைத்திறன், தூக்குகிற எடை ஒன்று, அகலமும் ஏறக்குறைய ஒன்று, மரத்துக்கு நடுவே இரண்டும் போகும். சின்னக் கடை வண்டியை வாங்கினால் மிச்சமாகிற காசில் மண்ணைக் கிளறுகிற ரோட்டவேட்டரையும் சேர்த்து வாங்கிவிடலாம். இதைத்தான் அப்பா காலையில் சொல்வார். சாயங்காலம் நீங்கள் போன் பண்ணி, பேர் இல்லாத வண்டியை விற்கப் போனால் பழைய இரும்புக்காரன்தான் எடை போடுவான் என்று சொல்வீர்கள், உடனே அப்பா பெரிய கம்பெனிக்குத் திரும்புவார். மறுநாள் காலையில் விலை, சாயங்காலம் பேர். சோற்றுத் தட்டில் இந்தப் பக்கம் ஒரு உருண்டை, அந்தப் பக்கம் ஒரு உருண்டை வைத்துக்கொண்டு, இது பேர், இது விலை என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். இரண்டையும் சாப்பிட்டுவிட்டு முடிவு எடுக்காமலே கை கழுவுவார்.

கடைசியில் எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நின்றது. ரிப்பேர் ஆனால் யார் வருவார்கள். பெரிய கம்பெனிக்குப் படம் போட்ட சர்வீஸ் வேன் இருக்கிறது. சின்னக் கடைக்குப் பூனை இருக்கிறது. ரிப்பேர் என்ற சொல்லுக்குள்ளேயே பேர் இருக்கிறதே, அப்படியென்றால் ரிப்பேர் எல்லாம் பேர் உள்ள கம்பெனிக்குத்தான் வரும் என்று நான் என் கருத்தை எடுத்து வைத்தேன். பாத்திரம் கழுவ அனுப்பப்பட்டேன். கழுவும்போதுதான் யோசனை வந்தது. ரிப்பேர் ஆனால் யார் வருவார்கள் என்று மாதக்கணக்கில் உட்கார்ந்து யோசிப்பதை விட, ரிப்பேர் ஆகிவிட்டது என்று சொல்லிப் பார்த்தால் என்ன?

அப்பா மதியம் பலகை போட்டு மல்லாந்து தூங்கும்போது அவர் போனை எடுத்தேன். அவர் குரலும் எனக்கு வரும், உங்களுக்குத் தெரியும், போன வருஷம் அத்தையிடம் அப்பா மாதிரி பேசி ஒரு டப்பா முறுக்கு வரவழைத்தது நான்தான். பேசுவதற்கு முன்னால் ஒரு இருமல், பேசி முடித்ததும் ஒரு 'வந்து', அவ்வளவுதான் அப்பா. முதலில் பெரிய கம்பெனி. பாட்டு போட்டார்கள், ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து என்றார்கள், நல்ல பாட்டுதான், பாதியில் ஒரு அக்கா வந்து வண்டியின் நம்பரைக் கேட்டார். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் எழுதியிருந்த நம்பரைப் படித்தேன். அப்படி ஒரு வண்டி எங்கள் பதிவில் இல்லை, இருந்தாலும் உங்கள் புகார் எங்களுக்கு முக்கியம், எங்கள் ஆட்கள் தொடர்பு கொள்வார்கள் என்று அன்பாகச் சொல்லி வைத்துவிட்டார். அடுத்து சின்னக் கடை. மெக்கானிக்கே எடுத்தார், எதையோ மென்றுகொண்டே. புது வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றேன். எப்படிச் சத்தம் வருகிறது என்று கேட்டார். வாயால் செய்து காட்டினேன். போனை இன்னும் கிட்டே வைக்கச் சொன்னார். இன்னும் சத்தமாகச் செய்தேன், பக்கத்து வீட்டு நாய் குரைத்தது, அப்பா தூக்கத்திலேயே முகம் சுளித்தார். எங்கே இருக்கிறது வீடு என்று கேட்டார். இங்கேதான் மாமா நான் சறுக்கினேன். அப்பா குரலில் பேசிப் பேசி அப்பாவாகவே ஆகிவிட்டேன் போல, தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே பச்சைக் கேட்டு என்று நம் வீட்டு அடையாளத்தையே சொல்லித் தொலைத்துவிட்டேன். அந்தப் பக்கம் மெல்வது நின்றது. "பச்சைக் கேட்டா? வண்டியைத் தொடாதீங்க சார், இதோ வரேன்" என்று வைத்துவிட்டார்.

அப்பா எழுந்து டீ குடிப்பதற்குள் வாசலில் பைக் சத்தம். பின்னால் பெரிய பெட்டி கட்டியிருந்தது. மெக்கானிக் கேட்டைத் திறந்துகொண்டு வந்தவர் அப்பாவிடம் வண்டி எங்கே என்று கேட்டார். எந்த வண்டி என்றார் அப்பா. ஸ்டார்ட் ஆகாத வண்டி என்றார் அவர். எங்கள் வீட்டில் ஸ்டார்ட் ஆகிற வண்டியே இல்லையே என்றார் அப்பா. அப்படி இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க, "நீங்கதானே சார் பேசினீங்க? இதே குரல். இதே இருமல்" என்றார் மெக்கானிக். அப்பா போனை எடுத்துப் பார்த்தார். அழைத்தது அவர் போன்தான். முகம் வெளுத்துவிட்டது. அம்மாவைத் தனியாக அழைத்து, நான் தூக்கத்தில் பேசுகிறேனா என்று கேட்டார். பேசுறீங்க, ஆனா டிராக்டர் விலை மட்டும்தான் என்று அம்மா உள்ளதைச் சொன்னாள். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைத் தேடினார்கள். நான் பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் முதல் முறை. ஒயரைச் செருகவில்லை என்பதை அப்பா கவனித்தார்.

காதைத் திருக அப்பா கையை நீட்டினார், கை பாதியில் நின்றுவிட்டது, முதுகு பிடித்துக்கொண்டது. மாமா, அந்த முதுகை நான் எவ்வளவோ கேலி செய்திருக்கிறேன், அது என்னைக் காப்பாற்றியது. ஆனால் அப்படியே கையைத் தொங்கவிட்டுக்கொண்டு அவர் நாற்காலியைத் தேடியதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானே போய் நாற்காலி போட்டேன். நடந்ததையும் சொல்லிவிட்டேன். மெக்கானிக் கோபப்படுவார் என்று பார்த்தால், "சத்தம் கேக்கும்போதே ஒரு சந்தேகம்தான் பாப்பா. டீசல் வண்டி நடுவுல மூச்சு வாங்காது" என்றார். அம்மா அவரைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டு டீ கொடுத்து வெகுநேரம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள், என் சார்பில் மன்னிப்புக் கேட்கிறாள் என்று நினைத்து நெகிழ்ந்தேன். அப்பா பைக்கில் கட்டியிருந்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பைக் போனபிறகும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: "இல்லாத வண்டிக்கே இப்படி ஓடி வந்தவன், இருக்கிற வண்டிக்கு வராமலா போயிடுவான்?"

முடிந்தது மாமா. அத்தனை மாத இழுவையும் அந்த ஒரு வரியில் முடிந்தது. மறுநாளே கடைக்குப் போனோம், பூனையை மாற்றினார்கள், அப்பா கையெழுத்துப் போட்டார். வண்டியைக் கொண்டுவந்த மெக்கானிக்கே தோட்டம் முழுக்க ஓட்டிக் காட்டினார், ஒரு கிளை உரசவில்லை, ஒரு காய் விழவில்லை. கடைசி வரிசையை மட்டும் அப்பா ஓட்டினார், மெதுவாக, பரீட்சை எழுதுகிறவர் மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு. அன்று சாயங்காலம் மழை பிடித்தது. உழுத மண் மொத்தத் தண்ணீரையும் குடித்தது. அப்பா ஜன்னல் ஓரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, எனக்கு நினைவு தெரிந்து முதல் முறையாக டிராக்டர் பேச்சு இல்லாமல் சாப்பிட்டார். டில்லரை அன்றே ஒருத்தருக்குக் கொடுத்தாகிவிட்டது. அம்மா அதை வாசல் வரை வந்து வழியனுப்பினாள்.

உங்கள் கம்பெனியைப் பற்றி எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, அவர்கள் இப்போதும் உங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது என்று செய்தி அனுப்புகிறார்கள், எங்கள் ஃபிரிட்ஜைப் பற்றிக் கவலைப்பட உலகத்தில் ஒரு ஜீவன் இருப்பது சந்தோஷம்தான். விற்கப் போனால் விலை கிடைக்காது என்ற உங்கள் கவலைக்கு அப்பா பதில் சொல்லச் சொன்னார்: வாங்குவதற்கே இவ்வளவு காலம் யோசித்தவர், விற்பதற்கு யோசித்து முடிப்பதற்குள் வண்டியே ஓய்வு கேட்டுவிடும். ஆகவே கோபித்துக்கொள்ளாமல் அடுத்த விடுமுறைக்கு வந்து நம் வண்டியில் ஒரு சுற்றுப் போங்கள். அந்த இலவசத் தொப்பி உங்கள் தலைக்குத்தான் பொருந்தும் என்று பத்திரமாக வைத்திருக்கிறேன். அத்தைக்கு என் அன்பு. முறுக்கு விஷயத்தை மட்டும் அத்தையிடம் படிக்காமல் தாண்டிவிடவும். உங்கள் வண்டியும் நீங்களும் பல்லாண்டு தடங்கல் இல்லாமல் ஓட வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகள்
வாலு
(டிராக்டர் வந்தபிறகு டிரெய்லராகப் பதவி உயர்வு பெற்றவள்)

பி.கு.: மேலே எழுதியிருப்பதை எல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். உறையை ஒட்டும் முன் அம்மா வாங்கிப் படித்தாள். சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். அப்பாவைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்த அதே வாரம், துணி எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு இரண்டு கடைக்கும் அம்மா போய் வந்திருக்கிறாள். இரண்டு சீட்டிலும் ஏறி உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். சின்னக் கடையில் முன்பணம் கட்டி, பச்சைக் கேட்டு என்று அடையாளமும் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். நான் போன் செய்ததும், அம்மா சொல்லி வைத்த வண்டியை முதலாளி தனக்குத் தெரியாமல் அனுப்பிவிட்டார், அது முதல் நாளே படுத்துவிட்டது என்று நினைத்து அலறியடித்துக்கொண்டுதான் மெக்கானிக் வந்தாராம். சமையலறையில் அம்மா கேட்டது மன்னிப்பு இல்லை, வாயைத் திறக்காதீர்கள் என்று கேட்டிருக்கிறாள். அப்பாவிடம் முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றேன். "சொல்லியிருந்தா உங்கப்பா என்னையும் சேத்து எடை போட ஆரம்பிச்சிருப்பார்" என்றாள். சரி, பேரா விலையா, எதைப் பார்த்து முடிவு செய்தாய் என்று கேட்டேன். "ரெண்டையும் யாரு பாத்தா? பெரிய கம்பெனி வண்டியில எனக்குக் கிளட்ச் எட்டலை. இதுல எட்டிச்சு" என்றாள். அப்பா கொஞ்ச காலத்துக்கு உட்கார்ந்தபடியும் குலுங்கக் கூடாது என்று டாக்டர் அம்மாவைத் தனியாக அழைத்துச் சொல்லியிருக்கிறார், அதுவும் எனக்கு இப்போதுதான் தெரியும்.

இதை முடிக்கிற இந்த நிமிஷம் தோட்டத்தில் டிராக்டர் ஓடுகிற சத்தம் சீராகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அப்பா இங்கே என் பக்கத்தில் பலகையில் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார்.