விஜயலெட்சுமி சாக மறுத்த நாள்

"அசையாம இருங்கக்கா. காதுக்குள்ள நீலம் போயிரும்," என்றாள் ஷம்ரா.

"போனாப் போவுது. நா சொன்னது ஒங் காதுல ஏறுச்சா இல்லியா? இந்த வருசம் நா சாக மாட்டேன்."

ஷம்ரா தூரிகையை நிறுத்தினாள். பதுளையில் அழகு நிலையம் வைத்திருப்பவள். 'பன்னிரண்டாம் நிலா' தொடருக்காக வருடா வருடம் இந்தத் தோட்டத்துக்கு வந்து, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் பெண்களை வரிசையாக உட்கார வைத்து நீலமாக்கிவிட்டுப் போவாள். இதுவரை யாரும் அவளிடம் இப்படி ஒரு முடிவைச் சொன்னதில்லை.

"பத்து மணிக்குச் சாகணும். இப்ப வந்து இப்பிடிச் சொன்னா எப்பிடிக்கா?"

'பன்னிரண்டாம் நிலா' கொழும்புக் கம்பனி ஒன்று பதினாலு வருடமாக விடாமல் எடுத்துவரும் விண்வெளித் தொடர். லுணுகலைக்கு மேலே இருக்கும் இந்தத் தேயிலை மலையில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் அதுதான் நிலா. கொழுந்து லொறிக்குத் தகரம் அடித்து வெள்ளிப் பூச்சுப் பூசினால் அதுதான் விண்கலம். கதை எல்லா வருடமும் ஒன்றுதான். எதிரிகள் வந்து நிலாவாசிகளைச் சுட்டுத் தள்ளுவார்கள். அதைப் பார்த்துத் தளபதிக்குக் கோபம் வரும். மீதி வாரங்களில் அவர் பழிவாங்குவார். அவருக்குக் கோபம் வருவதற்காக வருடா வருடம் முப்பது பெண்கள் சாக வேண்டியிருந்தது. ஆண்களுக்கு வசனம், பெண்களுக்கு அலறல். அந்த அலறலையும் கொழும்பில் வேறு யாரோதான் டப்பிங்கில் அலறுவார்கள்.

சாவதில் பெரிய கஷ்டம் ஒன்றுமில்லை. முதுகுப் பக்கம் ஜிப் வைத்த வெள்ளி உடுப்புத்தான் கஷ்டம். கக்கூசுக்குப் போக வேண்டுமென்றால் ஜிப்பை இழுக்க இன்னொருத்தி துணைக்கு வர வேண்டும். வந்தாலும் போவதற்கு இடமில்லை. கொழுந்து மலையிலும் கக்கூசு கிடையாது, நிலாவிலும் கிடையாது.

உண்மையான சாவு சாயங்காலம்தான் வரும். சாப்பாட்டுப் பார்சல் கொண்டுவரும் ஸலீம் நானா தன் பட்டியலில் செத்தவர்களின் பெயரை வெட்டிவிடுவார். வெட்டுப்பட்டவர்கள் மறுநாள் விடியற்காலையில் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, காதோரம் நீலம் போகாமலேயே கொழுந்து பறிக்க வேண்டும். உயிரோடு இருப்பவர்களுக்குப் பன்னிரண்டு நாளும் படப்பிடிப்பு, நாற்காலி, மீன் வைத்த சோறு. விஜயலெட்சுமி எட்டு வருடம் செத்து எட்டு வருடமும் வெட்டுப்பட்டவள்.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் பதுளையில் ஹொஸ்டலில் தங்கிப் படிக்கும் மகள் தயானி போன வாரம் போனில் சொன்னதுதான் அவளால் தாங்க முடியாமல் போனது.

"ஹொஸ்டல்ல எல்லாரும் ஒண்ணா ஒக்காந்து பாப்போம்மா. நீங்க வந்தவொடனே செத்துர்றீங்க. 'ஒங்கம்மா இந்த வருசம் எத்தனாவது நிமிசம்'னு பந்தயம் கட்டுறாளுக. ஒரு வருசமாவது கடைசி வரைக்கும் உசிரோட இருங்களேன்."

அப்போது சிரித்துவிட்டாள். போனை வைத்த பிறகு, தான் செத்த வருடங்களை விரல் விட்டு எண்ணினாள்.

உதவி டைரக்டர் நிஷாந்திடம் நேராகவே கேட்டுப் பார்த்தாள். பதுளைப் பையன், எல்லாரும் 'மாத்தயா' என்று மரியாதையாகக் கூப்பிடும் டைரக்டர் சிங்களத்தில் சொல்வதைப் பெண்களுக்குத் தமிழில் சொல்வது அவன் வேலை.

"கதைப்படி எல்லாரும் சாகணும்க்கா. தளபதிக்குக் கோவம் வரணும்ல."

"கோவம் வாறதுக்கு இருவத்தொம்பது பேரு பத்தாதா தம்பி?"

நிஷாந்த் கமராப் பக்கம் போய்விட்டான். ஆகவே விஜயலெட்சுமி தானே ஒரு வழி கண்டுபிடித்தாள். பிணத்தைக் கமரா பார்த்தால்தானே சாவு? பார்க்காவிட்டால் எங்கேயோ தப்பித்து ஓடிவிட்டாள் என்றுதானே அர்த்தம்?

பத்து மணிக்கு எதிரிகள் சுட்டார்கள். அதாவது, நிஷாந்த் "டுமீல்" என்று கத்தினான். இருபத்தொன்பது பெண்கள் வெட்டவெளியில் சாய்ந்தார்கள். பக்கத்து லயத்து வேலாயி இரண்டு சுற்றுச் சுற்றி, கையை நெஞ்சில் வைத்து, மெதுவாக மடங்கி விழுந்தாள். சாவதில் அவளுக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு. விஜயலெட்சுமி மட்டும் தேயிலைச் செடிக்குப் பின்னால் மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் குதித்தாள்.

கானுக்குள் ஈரம். ஈரத்தில் அட்டை. அது கழுத்து வழியாக உடுப்புக்குள் இறங்கியது. ஜிப்போ முதுகில்.

"ஐயய்யோ! அவுத்து விடுங்கடி! அட்டைடி!"

கானுக்குள்ளிருந்து எழும்பி ஆடிய நிலாவாசியைப் பார்த்துச் செத்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து உட்கார்ந்து சிரித்தார்கள். வேலாயி மட்டும் சிரிக்கவில்லை.

"அடியே, இன்னிக்கு நா எவ்வளவு அழகா செத்தேன்! மறுக்கா அப்பிடி வருமா எனக்கு?"

டைரக்டர் மாத்தயா ஐந்து நிமிடம் ஏசினார். நிஷாந்த் அதைச் சுருக்கமாகச் சொன்னான். "முன்னுக்கு வந்து சாகச் சொல்றாரு."

இரண்டாவது தடவை கமராவுக்கு நேர் முன்னால் விழுந்தாள். இனி ஒளிய வழியில்லை. படுத்துக்கொண்டே யோசித்தாள். செத்துப்போகாமல் காயம் மட்டும் பட்டிருந்தால்? காயம் பட்டவர்களை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்பார்கள். ஆஸ்பத்திரிக் காட்சிக்கே நாலு நாள் ஓடும். மெல்ல இரண்டு விரலைத் தூக்கி ஆட்டினாள்.

"அக்கா," என்று நிஷாந்த் ஓடிவந்தான். "பொணம் ஏன் டாட்டா காட்டுதுன்னு கேக்கிறாரு."

"பொணமில்ல, காயம்னு சொல்லுங்க தம்பி."

நிஷாந்த் போய்ச் சொன்னான். டைரக்டர் மாத்தயா தாடியைத் தடவினார். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து விஜயலெட்சுமிக்கு உயிரே வந்தது. நிஷாந்த் திரும்பி வந்தான்.

"ரொம்பப் புடிச்சிருச்சு அவருக்கு. தளபதி ஒங்களக் கையில தூக்குவாரு. நீங்க அவரு மொகத்தப் பாத்துக்கிட்டே சாவீங்க. மூஞ்சி மட்டும் திரை முழுக்கத் தெரியும். சாப்பாட்டுக்குப் பொறகு, ரெண்டு மணிக்கு."

இத்தனை வருடமும் தூரத்தில் ஒரு நீலப் புள்ளியாகத்தான் செத்தாள். இந்த வருடம் அவள் கண் மூடுவதைக் கூட ஹொஸ்டல் முழுக்கப் பார்க்கப் போகிறது.

மத்தியானம் ஸலீம் நானா பார்சலைக் கையில் கொடுத்தார். "நல்லாச் சாப்பிடுங்க தங்கச்சி. வெறும் வயித்தோட மௌத்தாகப்படாது."

அவள் சாப்பிடவில்லை. ஷம்ராவிடம் கொடுத்து வைத்திருந்த போனை வாங்கி, தேயிலை ஃபெக்டரியில் சங்கு ஊதும் புருஷன் தம்பையாவைக் கூப்பிட்டாள்.

"ரெண்டு மணிக்குச் சங்க ஊதிருங்க."

"என்னா புள்ள வெளையாடுறியா? கொழுந்து நிறுக்கிற சங்கு நாலு மணிக்கில்ல? தொரைக்குத் தெரிஞ்சா எஞ் சீட்டக் கிழிச்சிருவாரு."

"சங்குச் சத்தம் கேட்டா இவங்க படம் புடிக்க ஏலாது. பொழுது போயிரும், பனி கலைஞ்சிரும். நா தப்பிச்சிருவேன். ஒங்க பொஞ்சாதி உசிரு ஒங்க கையிலதான் இருக்கு."

தம்பையா பயந்த மனுஷன். ஆனால் எட்டு வருடமும் அவள் சாவதைத் தொலைக்காட்சியில் பார்த்துக் கண் கலங்கியவன். "சரி," என்றான்.

ஒன்றே காலுக்குத் தளபதி, "ஒரு தரம் தூக்கிப் பார்த்துக்கொள்கிறேன்," என்றார். பதினாலு வருடமாக எத்தனையோ எதிரிகளைத் தூக்கி எறிந்தவர். அந்த எதிரிகள் எல்லாரும் கயிற்றில் தொங்கியவர்கள். விஜயலெட்சுமிக்குக் கயிறு இல்லை. குனிந்தார், கையைக் கொடுத்தார், தம் பிடித்தார். 'கடக்' என்று ஒரு சத்தம். குனிந்தபடியே நின்றுவிட்டார். அவரை அப்படியே நாலு பேர் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தார்கள்.

டைரக்டர் மாத்தயா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அடுத்த காட்சியில் காயம்பட்ட ராணியை விண்கலத்துக்குத் தூக்கிப் போக வேண்டியவரும் அதே தளபதிதான். ராணியாக நடிக்கும் ஹிருணி தன் உடைந்த தமிழில் அலுத்துக்கொண்டாள்.

"பதினொரு வருசம் அக்கா. ஒவ்வொரு வருசமும் எனக்குக் கால் காயம். ஒரு தரம் கூட நானே நடந்து ஏறல. இப்ப தூக்கவும் ஆள் இல்ல."

"நா தூக்குறேன்," என்றாள் விஜயலெட்சுமி.

யாரும் தடுப்பதற்கு முன்னால் ராணியை முதுகில் ஏற்றிக்கொண்டு, சரிவில் விறுவிறுவென்று ஏறி, விண்கலத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். மூச்சுக் கூட வாங்கவில்லை. மழை நாள் கொழுந்து மூட்டையை விட ராணி லேசாகத்தான் இருந்தாள்.

டைரக்டர் மாத்தயா கை தட்டினார். நிஷாந்த் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தான். "அக்கா, நீங்க சாக வேணாமாம். ராணியத் தூக்கிக்கிட்டு விண்கலத்துல ஏறுறீங்க. உசிரோட!"

விஜயலெட்சுமிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் சங்கை மறந்தே போனாள்.

கமரா ஓடியது. சரிவெல்லாம் பனி. அதில் இருபத்தொன்பது நீலப் பெண்கள் செத்துக் கிடந்தார்கள். அரை மணி நேரமாகக் கிடந்தார்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வேறு கிடந்தார்கள். நன்றாகத் தூங்கிப் போயிருந்தார்கள். பிணம் தத்ரூபமாக இருக்கிறது என்று யாரும் எழுப்பவில்லை. விஜயலெட்சுமி ராணியைச் சுமந்துகொண்டு அவர்கள் நடுவே நடந்தாள்.

சரியாக இரண்டு மணி. தம்பையா சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். மலை அதிர அதிரச் சங்கு ஊதியது.

முதலில் எழுந்தது வேலாயி. பாதிக் கண்ணைத் திறந்தபடி, இல்லாத கொழுந்துக் கூடையை முதுகில் தடவித் தேடிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். அவளுக்குப் பின்னால் ஒருத்தி, அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. இருபது வருடமாகச் சங்கு கேட்டால் நிறுவைக்குப் போய்ப் பழகிய கால்கள் அவை. செத்தவர்கள் அத்தனை பேரும் ஒற்றை வரிசையில், ஒரு சொல் பேசாமல், பனிக்குள் நடந்து மேட்டில் ஏறினார்கள்.

போச்சு, எல்லாம் போச்சு என்று விஜயலெட்சுமி நினைத்தாள். ஆனால் "கட்" என்ற சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்க்காமல் நடந்து, ராணியோடு விண்கலத்துக்குள் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

உள்ளே, வழியெல்லாம் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்த ஹிருணி அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். கலைஞர்களுக்கு இளகிய மனசு என்று விஜயலெட்சுமி நினைத்துக்கொண்டாள். வெளியே வந்தபோது, டைரக்டர் மாத்தயா வேலாயியை வைத்துக்கொண்டு, படு, எழும்பு, நட, மறுபடி படு என்று வாட்டி எடுத்துக்கொண்டிருந்தார். பாவம், என்னால் இவளுக்கு ஏச்சு என்று மனசு உறுத்தியது.

ஆனால் மகளிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"தயானி! நா சாகலடி! ராணியவே நாந்தான் காப்பாத்துனேன்!"

போனுக்குள் ஹொஸ்டலே கத்தியது. "எங்கம்மா சாகல! எங்கம்மா சாகல!" என்று தயானி யார் யாரிடமோ சொல்லிக்கொண்டு ஓடுவது கேட்டது. விஜயலெட்சுமியின் கண்ணீர் நீலமாக வழிந்தது.

சாயங்காலம் ஸலீம் நானா பட்டியலும் பேனாவுமாக நின்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து, நாற்காலிக்காரி நடையில் அவரிடம் போனாள்.

"நானா, நாளைக்கு எம் பார்சல்ல மீன் துண்டு பெருசாப் போடுங்க."

அவர் விரலால் பட்டியலைத் தடவினார். "ஒங்கட பேர வெட்டச் சொல்லிட்டாங்களே தங்கச்சி."

"நல்லாப் பாருங்க நானா. செத்தவங்க பேரத்தானே வெட்டுவீங்க? நா உசிரோட இருக்கேன்!"

"அதாலதான் வெட்டினது, தங்கச்சி. நீங்களும் ராணியும் விண்கலத்துல ஏறிப் போயிட்டீங்களே. சங்குச் சத்தத்துக்குச் செத்தவங்க எழும்பி நடக்கிறதுதான் இனிக் கதையாம். நாளையில இருந்து செத்தவங்களுக்கு மட்டுந்தான் சோறு."