மூன்று முறை பதில் சொல்லும் பாறை

பேருந்து பதினோராவது கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது பூபதி மூன்றாவது பாலிதீன் பையை விரித்தார்.

"ஏனுங்க, இன்னும் அம்பத்தொம்பது வளைவு கெடக்குதுங்க. பை இருக்குதுங்களா?" என்று கேட்டார் கண்டக்டர். அவருக்கு அக்கறை பூபதியின் மேல் இல்லை, பேருந்தின் மேல்.

பூபதிக்குக் கொல்லிமலை ஒத்துக்கொள்ளாது. எட்டாம் வகுப்புச் சுற்றுலாவில் ஒருமுறை ஏறினார். ஏறிய வழியெல்லாம் வாந்தி. அதோடு சரி. அதன்பிறகு அடிவாரத்தில், காளப்பநாயக்கன்பட்டியில் ஒரு செல்போன் கடையைப் போட்டுக்கொண்டு, மலையை அண்ணாந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டார். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லைதான். ஆனால் மனுஷன் 'கொல்லிமலைக் காலடிகள்' என்று ஒரு பயண வலைப்பூ எழுதிக்கொண்டிருந்தார்.

எழுதுவது ஒன்றும் சிரமமில்லை. மலையிலிருந்து இறங்குகிறவர்கள் ரீசார்ஜ் செய்யக் கடைக்கு வருவார்கள். "மேல மழைங்களா? எங்கெங்க போனீங்க? படம் இருந்தா அனுப்பி உடுங்க" என்பார். கடையை அடைப்பதற்குள், 'பனி விலகாத காலையில் தனியே நடந்தேன்' என்று ஒரு கட்டுரை தயாராகிவிடும். பன்னிரண்டாயிரம் பேர் படித்தார்கள். ஊருக்குள் அவர் 'ஸ்கிரீன் கார்டு ஒட்டறவரு'. இணையத்தில் மட்டும்தான் 'மலைநாயகர்'. உலகத்தில் அவருக்கு இருந்த மரியாதை அவ்வளவுதான், அதை விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை.

போன ஐப்பசியில் விடாத மழை. யாரும் மலைக்குப் போகவில்லை, எழுத விஷயமும் இல்லை. அந்த வாரம்தான் பூபதி எதிரொலிப் பாறையைக் கண்டுபிடித்தார். கடையில் உட்கார்ந்தபடியேதான். சோளக்காட்டுக்குப் பக்கத்தில், மிளகுத் தோட்டத்துக்குள் ஒரு பாறை. எதிரில் நின்று கூப்பிட்டால் மூன்று முறை பதில் சொல்லும் என்று எழுதினார். அவர் எழுதியதிலேயே அதிகம் பேர் பகிர்ந்தது அதைத்தான்.

சேலத்து யூடியூபர் பிரேம் மட்டும், 'மேப்பில் காணோமே ஐயா?' என்று கேட்டிருந்தான். பூபதி அதற்கு ஒரு கும்பிடு போட்டு நகர்ந்துவிட்டார்.

இப்போது அழைப்பிதழ் வந்துவிட்டது. 'வலைப்பதிவர், யூடியூபர் சந்திப்பு. இடம்: சோளக்காடு. அனுமதி இலவசம், மதியச் சாப்பாடும் இலவசம்.' கீழே பிரேமின் கருத்து: 'மலைநாயகர் வந்தால் பாறையைப் பார்க்கலாம். வராவிட்டால் விஷயம் புரிந்துவிடும்.'

அதனால்தான் இந்தப் பேருந்தும் பைகளும்.

மண்டபத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். நாற்பது பேரும் மற்ற முப்பத்தொன்பது பேரை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தை நடத்தும் அம்சவேணி, நாமக்கல்லில் சமையல் சேனல் வைத்திருப்பவர், ஓடி வந்தார்.

"மலைநாயகருங்களா? மூஞ்சியெல்லாம் வெளுத்துக் கெடக்குதுங்களே! நடந்தேவா ஏறுனீங்க?"

பூபதி வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என்ன வரும் என்று அவருக்கே உத்தரவாதம் இல்லை. தலையை மட்டும் லேசாக ஆட்டினார். அது ஆமாம் என்று ஆகிவிட்டது.

"எழுபது வளைவும் நடந்தே வந்திருக்காருங்க!" என்று அம்சவேணி மைக்கில் அறிவித்தார். கைதட்டல். மூலை நாற்காலியில் பதுங்கலாம் என்று வந்தவரை மேடையில் நடுநாயகமாக உட்கார வைத்தார்கள்.

'சேனலை வளர்ப்பது எப்படி' என்பது முதல் அமர்வு. ஆளாளுக்கு மாற்றி மாற்றி சப்ஸ்கிரைப் செய்துகொண்டார்கள். அரைமணி நேரத்தில் எல்லோரும் வளர்ந்துவிட்டார்கள். பிறகு பிரேம் எழுந்தான்.

"ஐயா, சாப்பாட்டுக்கு முன்னாடி அந்தப் பாறைய ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துரலாங்களா?"

"வழி மோசம் தம்பி. அட்டை கடிக்கும்" என்றார் பூபதி. அதோடு நிறுத்தியிருக்கலாம். "கரடி வேற நடமாடுது."

"கரடிங்களா!" நாற்பது பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். கேமராவில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்கள். வராமல் உட்கார்ந்திருக்க நினைத்த இரண்டு பேர்கூடச் செருப்பை மாட்டினார்கள்.

சாலையில் இறங்கியதும் பூபதிக்கு ஒரு யோசனை வந்தது. "மழையில தடமே அழிஞ்சு போச்சுங்க. உள்ளூர்க்காரங்களுக்கே இப்பத் தெரியாது. வேணும்னா இவங்களையே கேட்டுப் பாருங்க" என்று, சந்தையில் அன்னாசி விற்றுக்கொண்டிருந்த அம்மாவைக் காட்டினார். இல்லாத பாறைக்கு யார் வழி சொல்லப்போகிறார்கள் என்ற தைரியம்.

கண்ணாயி என்ற அந்த அம்மா கத்தியைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "எதிரொலிப் பாறைங்களா? பத்து நிமிச நடைதானுங்க. வாங்க சாமி, நானே கூட்டிட்டுப் போறேன்." போனை எடுத்து யாரிடமோ, "ஆளு வருது" என்றார்.

பேருந்தே இல்லாமல் பூபதிக்குத் தலை சுற்றியது.

மிளகுக் கொடிகளுக்கு நடுவே ஒரு பாறை இருந்தது. லாரி அளவு. 'எதிரொலிப் பாறை. குப்பை போடாதீர்' என்று சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்தது. பூபதி இரண்டு முறை படித்தார்.

பிரேம் எதிரில் போய் நின்று, கைகளை வாயருகில் குவித்துக் கத்தினான். "வணக்கம்!"

"வணக்கம்!" என்றது பாறை, கொஞ்சம் கட்டைக்குரலில். "வணக்கம்!" என்றது மறுபடியும்.

மூன்றாவதற்காக எல்லோரும் காத்திருந்தார்கள். பாறை இருமியது. பிறகு, "வணக்கமுங்க" என்றது.

"காத்து ஈரமா இருந்தா அப்படித்தானுங்க மாறும்" என்று அம்சவேணி தன் சேனலுக்கு விளக்கம் சொன்னார். கைதட்டல் மலையை அதிர வைத்தது. பிரேம் வந்து பூபதியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"மன்னிச்சுக்குங்கய்யா. தெரியாம சந்தேகப்பட்டுட்டேன்."

பூபதிக்குக் கண் கலங்கிவிட்டது. கூட்டம் செல்ஃபிக்கு நகர்ந்ததும் கண்ணாயியிடம் ஒதுங்கினார்.

"ஏனுங்கம்மா, பாறைக்குப் பின்னால யாருங்க?"

"எங்கூட்டுக்காரரு செல்லமுத்துங்க. ரெண்டு நாளாச் சளி. அதான் கொஞ்சம் இழுத்துப்போச்சு."

"இப்படி ஒரு பாறையே கெடையாதுங்களே! நான் சும்மா எழுதுனதுங்க."

"தெரியுமுங்க. நீங்க எழுதுனதுலருந்து தெனமும் காருல வந்து கேக்கறாங்க. இல்லீன்னு சொன்னா மூஞ்சி செத்துப்போவுது. அத்தன தூரம் ஏறி வந்தவங்கள எப்படிங்க வெறுங்கையா அனுப்பறது? அதான் இத வச்சுக்கிட்டோம்."

பூபதி கையெடுத்துக் கும்பிட்டார். "வெளிய சொல்லிராதீங்க தாயி. அந்தப் பிரேம் தம்பிக்குத் தெரிஞ்சா என் மானமே போயிரும்."

கண்ணாயி, பாறையில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்த பிரேமைப் பார்த்துச் சிரித்தார்.

"அட, நீங்க வேற சாமி! உங்க பாறைக்கு எங்கூட்டுக்காரரு ஒருத்தரு போதும். அந்தத் தம்பி இங்க இருக்குதுன்னு வீடியோ போட்ட அருவிக்கு, மூணு மாசமா ஊரே சேந்து குழாய் இழுத்துட்டிருக்குதுங்க."